துண்டுக்கு அடியில் இருந்த கை

என் பங்காளி சூசைக்கு,

பிண்ணாக்கு ஒட்டிய செருப்போடு உன் வீட்டுக் கூடம் வரைக்கும் வந்து, ஒரு நாள்கூட உன்னிடம் திட்டு வாங்காத மாதையன் எழுதுகிறேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நல்ல செய்தி நாலு சேரட்டும், பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். சேரவில்லை. குமட்டுகிற மாதிரி ஒன்று சேர்ந்திருக்கிறது. அதை உன்னிடம் கொட்டாமல் எனக்குச் சோறு இறங்காது.

நீ படம் போட்ட யாளிக் கதை மறுபடி அச்சாகிறது. கதை உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றுக்கடியில் ஒரு சந்தை. அங்கே மனிதர்களின் நிழலை விலைக்கு வாங்குகிற யாளி ஒன்று. நிழலை விற்றவன் அன்றிலிருந்து யாளிக்கு அடிமை. ஒரு சிறுமியின் நிழலுக்கு யாளி விலை கேட்கிறது. அவள் சந்தைக்குப் போகிறாள், பேரம் நடந்தது என்று ஒரே வரி, அடுத்த பக்கத்தில் தன் நிழலோடு வீட்டுக்கு நடந்து வருகிறாள். பேரத்தில் என்ன நடந்தது என்று எழுத்தில் கிடையாது. அது உன் படத்தில்தான் இருக்கிறது. பேனா மையும் வாட்டர் கலரும் போட்டு நீ இரண்டு பக்கத்துக்கு விரித்து வரைந்தாயே, அந்தப் படத்தில்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் முதலில் வந்தபோது நாற்பது பிரதி வாங்கி, பொங்கலுக்குத் தீவன வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கொடுத்தேன். என் பிரதியில் நீ கையெழுத்துப் போட்டுத் தந்தாய். சந்தேபேட்டையில் என் தீவனக் கடையில் ஊதுபத்தி ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்தேன். பிரித்துப் பார்க்கவே இல்லை. பதினான்கு வருடம், சூசை. உன் முகத்துக்கு நேராக "பிரமாதமா இருக்கு பங்காளி" என்று சொன்னவன் நான்.

போன மாதம் மைசூரில் உனக்கு ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். நாற்காலியும் காபியும் என் செலவு, அதனால் மேடையில் எனக்கும் ஓர் இடம். சால்வை போட்டார்கள். பக்கத்தில் சிறப்புரைக்கு வந்த பேராசிரியர், வெளியூர்க்காரர், நல்ல சலவை மடிப்புச் சட்டை. திரையில் உன் படத்தைப் பெரிதாகப் போட்டு, கையில் வைத்திருந்த சிவப்பு லைட்டை அதன் மேல் ஓட்ட ஆரம்பித்தார். மாட்டின் மடியில் உண்ணி ஊர்வதைப் பார்த்திருக்கிறாயா? அப்படி ஊர்ந்தது அந்தப் புள்ளி. அந்தப் பெண் குழந்தையின் மணிக்கட்டுக்கு வந்ததும் நின்றது.

"இந்தச் சிறுமியின் வலது கை எங்கே? நமக்குத் தெரியவில்லை. துணியால் கட்டப்பட்டிருக்கிறது. அந்தத் துணிக்கு ஓவியர் நிறமே தரவில்லை, கவனியுங்கள். வெறுமை! குரலற்ற வெறுமை!" என்றார்.

அவர் துணி என்ற அந்தத் துண்டு வெள்ளையாக இருக்கிறது, ஏனென்றால் துண்டு வெள்ளை. வெள்ளைக்கு நீ சாயம் தொட மாட்டாய், காகிதத்தை அப்படியே விட்டுவைப்பாய். "வெள்ளைய வரைய முடியாது பங்காளி, அதுக்கு எடம் விட்டு ஒதுங்கித்தான் நிக்கணும்" என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

லைட் பின்னால் நிற்கிற ஆளிடம் போனது. "இவர் தந்தை. நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். காதுகள் சிவந்திருக்கின்றன. வெட்கம்! மகளை மிருகத்திடம் ஒப்படைத்துவிட்டு முகத்தை மறைத்துக்கொண்ட தந்தை. நண்பர்களே, இது கற்பனை அல்ல. ஓவியர் தன் சொந்த மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வந்த நாளில் வாய் திறக்காமல் எழுந்து வெளியே போனவர். இந்தப் படம் அவருடைய வாக்குமூலம்!"

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சால்வை நழுவுகிறது என்று ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தொடையில் தட்டினேன்.

முன்வரிசையில் உன் மகள் ரெஜினா இருந்தாள். டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தாள், நர்ஸ் ஷூவோடு. எழுந்தாள். நடுவழியில் நடந்து வெளியே போனாள். அத்தனை பேர் கைதட்டலிலும் அந்த ஷூ சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது.

அந்த வரன் பார்த்த கதை பேராசிரியருக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். கேள். கூட்டத்துக்கு முன்னால் காபி குடிக்கும்போது, "ஓவியருக்கு நெருங்கினவர் நீங்கதானாமே, ஏதாவது சொல்லுங்களேன்" என்றார் அவர். பெரிய மனிதர் நம்மிடம் கேட்கிறாரே என்ற குளிர்ச்சியில் நான்தான் அவிழ்த்துவிட்டேன். சரக்கு என்னுடையது. கலப்படம்தான் அவருடையது. மூட்டை பிரித்துக் கொடுத்தவனுக்கு மேடையில் உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொள்ள என்ன யோக்கியதை?

அந்தக் கூட்டத்தில் எழுந்து, "ஐயா, அது கட்டின கை இல்லை, மாட்டுப் பேரம்" என்று சொல்லியிருக்க வேண்டியவன் உலகத்தில் நான் ஒருவன்தான். திரையில் படத்தைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினாலு வயதிலிருந்து மாட்டுத் தரகு பார்த்த கை இது. ஆனால் எழுந்தால், "அந்தக் கதையைச் சொன்னவரே இவர்தான்" என்று அவர் என்னைக் கை காட்டிவிடுவாரே என்று பயந்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

அந்த மாடு நினைவிருக்கிறதா? மறக்க விட்டிருப்பேனா நான்! எங்கள் ஊர் கௌதள்ளிப் பக்கத்து மாட்டுச் சந்தைக்கு, காளை பார்த்து வரைய வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தோடு என் கூட வந்தாய். மாட்டுக்காரன் முதுகைக் காட்டி நிற்க, அவன் சார்பில் ஒரு கிழட்டு வியாபாரி கையில் துண்டைப் போட்டுக்கொண்டு உன் பக்கம் கையை நீட்டினான்; துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் அங்கே விலை பேசுவார்கள். நீயோ பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களுக்குக் கை கொடுத்துப் பழகிய டிராயிங் மாஸ்டர். துண்டுக்கு அடியில் கையை விட்டு, அவன் ஐந்து விரலையும் சேர்த்து அழுத்திப் பிடித்து இரண்டு குலுக்கு குலுக்கினாய்.

"முடிஞ்சுது! வாத்தியாருக்கு முடிஞ்சுது!" என்று அவன் துண்டை உதறினான். சந்தையே சிரித்தது. அவன் கேட்ட விலையைவிட அதிகத்துக்கு, பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிற ஒரு பசு உன்னுடையதாகிவிட்டது. திருப்பிக் கொடுத்தால் அங்கே என் பேச்சுக்கு மதிப்பு இருக்காது என்று உன்னையே ஓட்டிக்கொண்டு போக வைத்தேன்.

லாரியில் அந்தப் பசுவோடு நின்றுகொண்டு வரும்போது நீ கேட்டாய். "வேணாம்னா என்ன பண்றது?"

"வாயத் தொறக்கக் கூடாது. கைய மூடிட்டு வெளிய இழுத்துக்கணும். மூடுன கைக்கு மேல எவனும் பேச மாட்டான்."

"அந்த மாட்டுக்காரன் ஏன் அந்தப் பக்கம் திரும்பி நின்னான்? கோவமா?"

"கோவமில்ல சாமி. தன் சார்பா கைய விட்டவன நம்பறான்னு அர்த்தம். எட்டி எட்டிப் பாத்தான்னா நம்பலைன்னு ஊருக்கே தெரிஞ்சு போயிரும். தெரிஞ்சா பேரம் விழுந்துரும்."

நீ நோட்டில் என்னவோ கிறுக்கினாய். ரெஜினாவுக்கு அப்போது ஆறு வயது. வீட்டுக்கு வந்த மாட்டுக்கு பிஸ்கட் என்று பெயர் வைத்தாள்.

அவள் நர்சிங் முதல் வருடம் படிக்கும்போது அந்த வரனைக் கொண்டுவந்தவனும் நானே. சாமராஜநகர்ப் பக்கம் பண்ணை வைத்திருந்தவர்கள், உங்கள் மாதா கோயில் வேதக்காரர்கள், என்னிடம் தீவனம் எடுப்பவர்கள். உன் மனைவி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. "படிப்பை நிறுத்திவிட வேண்டும்" என்று அவர்கள் சொன்னதும் நீ எழுந்து பின்பக்கம் போய்விட்டாய். பிஸ்கட் செத்த பிறகும் நீ இடிக்காமல் விட்டிருந்த கொட்டகையைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாய். அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து, "எனக்கு இஷ்டமில்ல" என்றாள். என்னென்ன பேசினார்கள் அவளை! நான் அங்கேயே இருந்தேன். வாடிக்கை போய்விடும் என்று தரையைப் பார்த்தேன். அதற்கடுத்த வருடம்தான் நீ யாளிப் படம் போட்டாய்.

அதற்கப்புறம் அவள் படித்து முடித்தாள், தனக்குப் பிடித்தவனைக் கட்டினாள், உனக்குக் கடைசி வரை மருந்து கொடுத்தாள். ஆனால் உன்னிடம் மனம்விட்டு ஒரு பேச்சுப் பேசினாளா? "அன்னிக்கு அப்பா ஒரு வார்த்த சொல்லல" என்று உன் அடக்கத்தன்றுகூட என்னிடம் சொன்னாள். இப்போது ஒரு பேராசிரியர் அதை மைக் வைத்து ஊருக்கு உறுதி செய்துவிட்டார்.

கூட்டம் முடிந்த மறு வாரம் பதிப்பகத்துப் பையன் எனக்கு அட்டைப்படத்தை அனுப்பினான். போனில் திறந்தேன். சூசை, அதைப் பார்த்ததும் கடையில் இருந்த பருத்திக்கொட்டை மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் படத்தையே அட்டையாக்கி, அதில் துண்டை அழித்துவிட்டார்கள். அந்த இடத்தில் தடித்த ஒரு கயிறு. சிறுமியின் மணிக்கட்டில் மூன்று சுற்று. உன் யாளிக்குக் கண்ணில் ரத்தச் சிவப்பு. இடது ஓரத்தை வெட்டியதில், அவள் இடுப்பில் வைத்திருந்த இடது கையும் போய்விட்டது. கட்டிப்போட்டவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டா நிற்பாள் என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லாதபடி கையையே வெட்டிவிட்டார்கள். அழுகின சரக்குக்கு மேலே நல்ல சரக்கைப் பரப்பி விற்கிறவனை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். நல்ல சரக்குக்கு மேலே அழுகினதைப் பூசி விற்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

"ரெஜினா மேடம் ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு மறுபதிப்பு அனுமதியில கையெழுத்து போடறேன்னுட்டாங்க சார். ஒரிஜினல் படத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. அவங்களுக்கு வேணாமாம்" என்றான்.

ஞாயிறு மூன்று மணிக்கே மைசூர் பன்னிமண்டபம் ஏரியாவில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"வாங்க மாமா. சால்வை போட்டுட்டு வரலியா?" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். மேஜை மேல் உன் படங்கள் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, கட்டித் தயாராக இருந்தன. "கண்ணு, அத ஒருக்கா பிரி" என்றேன்.

"பேடா மாமா, வேணாம். நான் பாத்தது போதும்."

"உனக்காக இல்ல. அசல நான் இன்னும் பாக்கல. பதினாலு வருசமா பாக்கல."

முடிச்சை அவிழ்த்தாள். பிரித்தாள். அசலை நான் அப்போதுதான் பார்க்கிறேன். யாளியின் பிடரியில் எத்தனை ஆயிரம் கோடு இழுத்தாயோ, முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து நிற்கிறது. சந்தை முழுக்க மஞ்சள் கரைத்த தண்ணீர் போல ஒரு வெளிச்சம். அவள் காலடியில் நிழல், நல்ல நீலத்தில், பாதத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. விற்றுப்போன நிழல் காலோடு ஒட்டியிருக்குமா? திரையில் அது வெளுத்துப் போயிருந்தது.

என் தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். "கைய நீட்டு."

"என்ன மாமா விளையாட்டு?"

"உங்கப்பன் பிஸ்கட்ட வாங்கின விளையாட்டு."

நீட்டினாள். இரண்டு கைகளின் மேலும் துண்டைப் போட்டேன். அவள் விரல் இரண்டைப் பிடித்து, "இது ரெண்டு" என்றேன். மூன்றைப் பிடித்தேன். நடு விரலைப் பாதியில் மடித்து, "இது அரை. விலை உனக்கும் எனக்கும்தான் தெரியும், பாக்கறவனுக்கு துண்டு மட்டுந்தான் தெரியும்" என்றேன்.

அவள் முகம் மாறியது. "இஷ்டமில்லன்னா?"

"கைய மூடு."

மூடினாள். துண்டு நடுவில் புடைத்துக்கொண்டு எழுந்தது. படத்தைப் பக்கத்தில் தள்ளினேன். அதே புடைப்பு, நீ ஒற்றைக் கோட்டில் மையால் இழுத்தது.

"நீங்க எனக்கு சமாதானம் சொல்றதுக்காக சொல்றீங்க மாமா" என்றாள். என்னை நம்ப அவளுக்கு என்ன அவசியம்? நான் வியாபாரி. ஆனால் கையை எடுக்காமல் படத்தின் மேல் குனிந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு காகிதத்தில் படுகிற மாதிரி பார்த்தாள். சிறுமியின் முழங்கைக்குக் கீழே நீ முடி அளவு மெல்லிசாக இரண்டு கோடு போட்டிருக்கிறாய், அதன் மேல் பச்சையும் நீலமும் கலந்த ஒரு தீற்றல். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

"நரம்பு" என்றாள். "மாமா, இது நரம்பு. ஊசி போடறதுக்கு முன்னாடி நாங்க பேஷண்ட்ட கைய இறுக்கி மூடச் சொல்வோம். அப்பதான் இப்படி எழும்பி வரும். சும்மா விட்ட கையில இது தெரியாது." தன் கையைத் துண்டோடு தூக்கி, படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். "மூடியிருக்கா இவ. இவளேதான் மூடியிருக்கா."

அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தோன்றியது. முதல் வருடப் படிப்பில் வீட்டில் உன் கையை வைத்துத்தானே அவள் நரம்பு தேடிப் பழகினாள்? மூடு, திற, மூடு என்று உன்னை உட்காரவைத்து வாட்டியதாக நீ என்னிடம் சலித்துக்கொண்டாயே. அதையா போட்டுவைத்தாய்?

பிறகு அவள் அந்த முதுகைப் பார்த்தாள். மாட்டுக்காரன் ஏன் திரும்பி நிற்பான் என்று லாரியில் உனக்குச் சொன்னதை அப்படியே அவளுக்கும் சொன்னேன். அவள் விரல் உன் காதில் போய் நின்றது. இரண்டு சொட்டுச் சிவப்பு, ஈரக் காகிதத்தில் கொஞ்சம் பரவினது.

"வெக்கமாம்!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "அப்பாவுக்கு பயம் வந்தாத்தான் மாமா காது சிவக்கும். டாக்டர்கிட்ட போறப்பெல்லாம் சிவக்கும். பயந்துகிட்டேதான் நின்னிருக்காரு."

"ஆமா கண்ணு."

"நம்பினாரு, பயந்தாரு, எல்லாம் சரி. இத என்கிட்ட வாயால சொன்னா என்னவாம்?"

இதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா? ஊரெல்லாம் அசிங்கம் பிடித்துப் போயிற்று என்று திட்டிக்கொண்டே வந்தவன், அங்கே உன் மேலும் அருவருத்துப் போனேன், சூசை. ஒரு வார்த்தை செலவழித்திருந்தால் போதும். அதை விட்டுவிட்டு மை தொட்டு, நரம்பு வரைந்து, காதில் சிவப்பு வைத்து, யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒளித்துவைத்தாயே. நான் சொல்லிக்கொடுத்த சந்தைப் புத்தி அது. சந்தையில் வாயைத் திறக்கக் கூடாது என்றேன். வீட்டிலும் திறக்காதே என்றா சொன்னேன்?

அதே சூட்டில் என் மூட்டையையும் அவிழ்த்தேன். "கண்ணு, அந்தப் பேராசிரியருக்கு அன்னிக்கு நடந்தத சொன்னது..."

"தெரியும் மாமா" என்றாள். "அந்த ரூம்ல நம்ம பக்கத்து ஆளு நீங்க ஒருத்தர்தானே இருந்தீங்க."

நம்ம பக்கத்து ஆள். அதைவிட அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

நாலு மணிக்குப் பதிப்பகத்துப் பையன் வந்தான். அட்டைப்படத்தை அவள் முன்னால் நீட்டினான். அவள் தொடவில்லை.

"இந்தக் கயிறு பேடா. துண்டு வேணும். இடுப்புல இருக்கற கை வேணும். அந்த வாக்குமூலம், அது இதுன்னு பின்னட்டையில ஒரு வரி வரக் கூடாது."

"மேடம், துண்டுன்னா குழந்தைங்களுக்குப் புரியாதே?"

"புரியலன்னா கேக்கட்டும். சொல்றதுக்கு ஆள் இருக்கு." என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

அவன் என்னைப் பார்த்தான். அன்றைக்கு மேடையில் கைதட்டியவன் நான் என்பது அவனுக்கு நினைவிருந்தது. "சார், உங்களுக்கே அந்தப் பேச்சு பிடிச்சிருந்ததே?" என்றான். பாவம், அவன் பொய் சொல்லவில்லை.

ரெஜினா படங்களைப் பெட்ஷீட்டில் மறுபடி சுற்றி, உள்ளே எடுத்துப் போய் பீரோவில் வைத்தாள். எனக்குக் காபி தரவில்லை. கேட்கிற நிலையில் நானும் இல்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது, "துண்டு இங்கயே இருக்கட்டும் மாமா" என்றாள். அவ்வளவுதான். மன்னித்துவிட்டாள் என்று கணக்குப் போட்டுக்கொள்கிற அளவுக்கு நான் ஏமாளி இல்லை.

மாற்றின அட்டையைப் போன வாரம் காட்டினார்கள். துண்டு இருக்கிறது. கை இருக்கிறது. உன் காதுச் சிவப்பு அச்சில் கொஞ்சம் தூக்கலாக விழுந்திருக்கிறது, சொல்லிக் குறைத்தாயிற்று.

வெளியீட்டுக்கு அதே மண்டபம், அதே பேராசிரியர். நாற்காலி இந்த முறையும் என்னுடையதுதான். மேடையில் ஏறியதும் அந்தச் சால்வையைத் திருப்பிக் கொடுப்பேன். பெண் பார்த்த கதையைக் காபிக்கு விற்றவன் நான்தான் என்று மைக்கில் சொல்வேன். அந்த வரனைக் கொண்டுவந்ததும், அவளைப் பேசியபோது தரையைப் பார்த்துக்கொண்டு இருந்ததும் நான்தான் என்று சொல்வேன். பிறகு ரெஜினாவிடம் அந்தத் துண்டை வாங்கி, பேராசிரியரை எழுப்பி நிற்கவைத்து, அவர் கையைப் பிடித்து எத்தனை விரல் என்று கேட்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அவள் வருவாளா என்று கேட்டால், "பார்க்கலாம்" என்கிறாள். வந்தாலும் வராவிட்டாலும், நீ மையால் எழுதி ஒளித்ததை நான் வாயால் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். இது வாக்கு. என் காதும் சிவக்கும், எனக்குத் தெரியும். ஆனால் கூட்டத்துக்கு முகத்தைக் காட்டித்தான் நிற்பேன்.

அவள் பக்கத்து ஆளாக இனிமேலாவது இருக்கப் பார்க்கும்,
உன் பங்காளி
மாதையன்